திறந்தவெளியில் பாட்டுக் கேட்க எந்த புளூடூத் ஸ்பீக்கர் வாங்கலாம்?

கேள்வி இது: "நண்பர்கள் ஐந்தாறு பேர் மலையேற்றம், ஆற்றங்கரை முகாம் என்று அடிக்கடி கிளம்புகிறோம். இரண்டு இரவு மின்சாரம் இருக்காது. நனைந்தாலும் விழுந்தாலும் தாங்குகிற புளூடூத் ஸ்பீக்கர் வேண்டும். 40 வாட் போதுமா? ஐபி67 என்று போட்டிருந்தால் ஆற்றில் போடலாமா? நண்பனின் ஸ்பீக்கர் வீட்டில் அதிர்கிறது, வெளியே கொண்டுபோனால் சப்பென்று ஆகிவிடுகிறதே, ஏன்?"

கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்கு விடை தெரிந்துவிட்டால் மற்றவற்றில் பாதி தானாகவே விளங்கிவிடும்.

வீட்டுக்குள் பாதி வேலையைச் செய்வது அறைதான். ஸ்பீக்கரின் பின்பக்கமாகவும் பக்கவாட்டிலும் போகிற ஒலி சுவரில் பட்டு, கூரையில் பட்டு, மறுபடி உங்கள் காதுக்கே வந்து சேர்கிறது. பேஸ் எனப்படும் கனத்த, தாழ்ந்த ஒலிக்கு இது இன்னும் அதிகம் பொருந்தும். 60 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் ஏறக்குறைய 5.7 மீட்டர். அவ்வளவு நீண்ட அலைக்கு உள்ளங்கை அகல ஸ்பீக்கர் வெறும் புள்ளி. எந்தப் பக்கம் திருப்பி வைத்தாலும் பேஸ் எட்டுத் திசையிலும் பரவத்தான் செய்யும். அறைக்குள் பரவியதைச் சுவர்கள் பிடித்துத் திருப்பித் தருகின்றன. வெளியில் சுவர் கிடையாது. போனது போனதுதான்.

தூரமும் சேர்ந்துகொள்கிறது. தடையில்லாத வெளியில், தூரம் இரட்டிப்பாகும் ஒவ்வொரு முறையும் ஒலி 6 டெசிபல் குறையும். ஒரு மீட்டரில் 85 டெசிபல் என்றால் இரண்டு மீட்டரில் 79, நான்கில் 73, எட்டில் 67. அறையிலும் குறையும்தான், ஆனால் சில அடி தள்ளிப் போனதும் சுவர்களிலிருந்து திரும்பும் ஒலி தாங்கிப் பிடித்துக்கொள்ளும். இதற்கு மேல் காற்றின் இரைச்சல், ஆற்றின் சலசலப்பு. இவை முதலில் விழுங்குவது பாட்டின் அடிப்பகுதியைத்தான். நம் காதும் உடந்தை. சத்தம் குறையக் குறைய, மற்ற ஒலிகளைவிட பேஸ் வேகமாகக் காதிலிருந்து நழுவும். ஃபிளெட்சர், மன்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1933-லேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். ஆக உங்கள் நண்பரின் ஸ்பீக்கரில் குற்றம் எதுவும் இல்லை. வீட்டில் அதற்குத் துணையாக நின்ற அறையை நீங்கள் விட்டுவிட்டு வந்திருக்கிறீர்கள், அவ்வளவுதான்.

இனி வாட். 20 வாட்டை 40 ஆக்கினால் சத்தம் இரட்டிப்பாகும் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். கிடைப்பது 3 டெசிபல். கூர்ந்து கேட்டால் தெரியும், பேச்சுவாக்கில் தெரியாது. காதுக்கு "இரண்டு மடங்கு சத்தம்" என்று தோன்ற ஏறக்குறைய 10 டெசிபல் கூட வேண்டும், அதற்குப் பத்து மடங்கு மின்திறன் தேவை. மேலே சொன்ன கணக்கோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். ஸ்பீக்கரை நான்கு மீட்டரிலிருந்து இரண்டு மீட்டருக்கு நகர்த்தி வைப்பது, நான்கு மடங்கு வாட் உள்ள ஸ்பீக்கர் வாங்குவதற்குச் சமம். எடுத்து அருகில் வைக்க ஒரு பைசா செலவில்லை.

வாட் எண்ணிலேயே இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தொடர்ந்து தரக்கூடிய திறனா, ஒரு கணம் மட்டும் எட்டும் உச்சமா, எத்தனை சதவீதம் ஒலி சிதைவை அனுமதித்து அளந்தார்கள் என்பதெல்லாம் அட்டைப்பெட்டியில் இருக்காது. 1 சதவீதச் சிதைவில் எடுத்த அளவும் 10 சதவீதத்தில் எடுத்த அளவும் ஒன்றல்ல. அதனால் இரு வேறு நிறுவனங்களின் வாட்டை நேருக்கு நேர் ஒப்பிடுவதை நான் விட்டுப் பல காலம் ஆகிறது. ஒரே நிறுவனத்தின் சின்னதையும் பெரியதையும் ஒப்பிட மட்டும் அது உதவும்.

அப்படியானால் எதைப் பார்ப்பது? அலங்காரம் இல்லாத இரண்டு எண்கள்: எடையும் பருமனும். பேஸ் என்பது எவ்வளவு காற்றைத் தள்ள முடிகிறது என்பதுதான். ஒலியின் அதிர்வெண் பாதியானால், அதே சத்தத்துக்கு நான்கு மடங்கு காற்றைத் தள்ள வேண்டும். சின்ன உடலுக்குள் அதிர்ந்து காற்றைத் தள்ளும் சின்னக் கூம்பால் அது முடியாது. ஒலிப்பொறியாளர்கள் இதைச் சமாளிக்க, மின்சுருள் இல்லாத வெறும் சவ்வு ஒன்றை, பேசிவ் ரேடியேட்டர் என்பார்கள், இரண்டு முனையிலும் பொருத்துகிறார்கள். உள்ளே இருக்கும் காற்று அழுத்தத்தில் அதுவும் சேர்ந்து அதிரும். நல்ல உபாயம்தான், ஆனாலும் இயற்பியலை ஓரளவுக்குத்தான் ஏய்க்க முடியும். ஜேபிஎல் நிறுவனத்தின் ஃபிளிப் 6 என்ற மாடலின் எடை 550 கிராம், சார்ஜ் 5 என்ற மாடலின் எடை 960 கிராம். இரண்டும் ஒரே குடும்பம். வெளியில் வைத்துக் கேட்டால், அந்த 400 கிராம் எங்கே போயிருக்கிறது என்று காதுக்கே தெரியும். 200 கிராம் ஸ்பீக்கரில் பேஸ் தேடாதீர்கள். அது ஒருவர் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்பதற்கானது, அந்த வேலையை அழகாகவே செய்யும்.

வாங்கும் முன் கேட்டுப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால், எல்லோரும் செய்வதுபோல் பாதிச் சத்தத்தில் கேட்டுவிட்டு வராதீர்கள். இன்றைய ஸ்பீக்கர்கள் பெரும்பாலானவற்றுக்குள் மின்னணுக் காவல்காரன் ஒருவன் உண்டு. சத்தத்தை ஏற்றும்போது கூம்பு கிழிந்துவிடாமல் இருக்க, பேஸை மட்டும் மெல்ல மெல்லக் குறைத்துவிடுவான். பாதியில் கனமாக ஒலித்த ஸ்பீக்கர் எண்பது சதவீதத்தில் தகரமாகிவிடுவது இதனால்தான். வெளியில் நீங்கள் வைக்கப்போவது அந்த எண்பதில். மிருதங்கத்தின் தொப்பி, அதாவது கனத்து ஒலிக்கும் இடப்பக்கம், நன்றாகக் கேட்கிற பதிவு ஒன்றைப் போட்டு, ஐம்பதிலிருந்து எண்பதுக்கு ஏற்றுங்கள். தொப்பியின் "தொம்" தேய்ந்து வலந்தலை மட்டும் முன்னால் வந்து குத்தினால், அந்த ஸ்பீக்கர் அறைக்கு உரியது. குரல் கரகரக்கிறதா என்றும் கவனியுங்கள். வெளியில் பேஸ் கொஞ்சம் குறைந்தால் பொறுத்துக்கொள்ளலாம், குரல் உடைந்தால் பத்து நிமிடம்கூட உட்கார முடியாது.

வட்டமாக எல்லாப் பக்கமும் பாடும் உருளை நல்லதா, முன்பக்கம் மட்டும் பாடுவது நல்லதா என்பதும் நீங்கள் உட்காரும் விதத்தைப் பொறுத்தது. நெருப்பைச் சுற்றி வட்டமாக உட்காருகிறவர்களுக்கு உருளை. எல்லோரும் ஒரே பக்கம் இருந்தால் உருளையின் பாதி ஒலி ஆளில்லாத காட்டுக்குப் போகிறது, அப்போது முன்பக்க ஸ்பீக்கரே மேல். எதுவானாலும், தொலைத்த சுவரில் கொஞ்சத்தை மீட்டுக்கொள்ள வழி இருக்கிறது. பெரிய பாறை ஒன்றுக்கு முதுகைக் காட்டி வையுங்கள். பேஸ் சட்டென்று கூடுவதைக் கேட்பீர்கள். பாறையும் தரையும் சேரும் மூலை கிடைத்தால் இன்னும் நல்லது. பெரிய பரப்பு ஒன்றை ஒட்டி வைக்கும்போது கணக்குப்படி 6 டெசிபல் வரை பேஸ் கூடலாம். மெல்லிய கூடாரத் துணி இந்த வேலைக்கு உதவாது, பேஸ் அதை ஊடுருவிப் போய்விடும்.

பெரியது ஒன்றா, சின்னது இரண்டா? கூட்டம் பரவி உட்காரும் என்றால் இரண்டுதான் என் விருப்பம். ஒவ்வொருவருக்கும் ஸ்பீக்கர் பக்கத்தில் இருக்கும். யார் காதிலும் அறையாமல் எல்லோருக்கும் கேட்கும். ஒன்று பழுதானால் மற்றது கைவசம் இருக்கிறது. ஆனால் இரண்டையும் வெகுதூரம் பிரித்து வைக்காதீர்கள். ஒலி நொடிக்கு 340 மீட்டர்தான் போகிறது. பக்கத்து ஸ்பீக்கரைவிட மற்றொன்று 17 மீட்டர் கூடுதல் தூரத்தில் இருந்தால் அதன் ஒலி 50 மில்லிநொடி பிந்தி வந்து எதிரொலிபோல் குழப்பும். ஏழெட்டு மீட்டருக்குள் வைத்தால் தொந்தரவில்லை.

இரண்டு வாங்குவதானால் ஒரே மாடலாக, ஒரே நேரத்தில் வாங்குங்கள். இணைப்பு முறை நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. ஒரே நிறுவனத்துக்குள்ளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறுகிறது. ஜேபிஎல் முதலில் கனெக்ட் என்றது, பிறகு கனெக்ட் பிளஸ் என்றது, அதன்பின் பார்ட்டிபூஸ்ட் என்றது, இப்போது ஆராகாஸ்ட்டுக்கு வந்திருக்கிறது. பார்ட்டிபூஸ்ட் உள்ள சார்ஜ் 5-ம் ஆராகாஸ்ட் உள்ள சார்ஜ் 6-ம் ஒன்றாகச் சேர்ந்து பாடாது. ஆராகாஸ்ட் மட்டும் எந்த ஒரு நிறுவனத்துக்கும் சொந்தமில்லாத பொதுத் தரம். புளூடூத் தரங்களை வகுக்கும் கூட்டமைப்பே அந்தப் பெயரை 2022-இல் அறிவித்தது. காலப்போக்கில் வேறு வேறு நிறுவன ஸ்பீக்கர்கள் ஒன்றுசேர அதுவே வழி. ஆனாலும் இன்று வாங்கும்போது இரண்டையும் பக்கத்தில் வைத்து இணைத்துப் பார்த்துவிட்டுத்தான் நம்பவேண்டும்.

இப்போது ஐபி67. இதை நான் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் என் முதல் ஸ்பீக்கரை இதில்தான் தொலைத்தேன்.

ஐபி என்பது ஐஇசி 60529 என்ற சர்வதேசத் தரத்தின் குறியீடு, 1976-இல் முதலில் வெளியானது. முதல் எண் தூசிக்கு, 0 முதல் 6 வரை. 5 என்றால் கொஞ்சம் தூசி உள்ளே போகலாம், வேலையைக் கெடுக்காது. 6 என்றால் தூசியே போகாது. இரண்டாவது எண் தண்ணீருக்கு. 7 என்றால் ஒரு மீட்டர் ஆழத்தில் 30 நிமிடம். 8 என்றால் அதைவிடக் கடுமையான நிலை. எத்தனை மீட்டர், எவ்வளவு நேரம் என்பதைத் தயாரிப்பாளர்தான் சொல்வார், அதனால் 8 என்று கண்டால் அந்த விவரத்தையும் தேடிப் படியுங்கள். எண்ணுக்குப் பதில் எக்ஸ் என்ற எழுத்து இருந்தால், அந்தச் சோதனை பற்றி எந்த உறுதியும் தரவில்லை என்று பொருள். என் முதல் ஸ்பீக்கர் ஐபிஎக்ஸ்7. தண்ணீரில் விழுந்து பிழைத்தது, மழையில் பிழைத்தது. மணலில் இரண்டு நாள் வைத்ததும் உள்ளே நறநறவென்று ஒரு சத்தம் வரத் தொடங்கியது. அப்புறம் அது நிற்கவே இல்லை. மணலில் இரும்புத் துகள் கலந்திருக்கும், ஸ்பீக்கருக்குள் வலுவான காந்தம் இருக்கும். ஒட்டிக்கொண்ட துகளை வெளியே எடுப்பது ஏறக்குறைய நடக்காத காரியம். எனவே வெளியில் போகிறவர்களுக்கு முதல் எண் 6 ஆக இருக்கவேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தண்ணீரைவிட மணலும் புழுதியும்தான் அன்றாடம் வரும்.

7 என்பது 6-ஐயும் 5-ஐயும் உள்ளடக்கியது என்று நினைப்பது இன்னொரு பொதுவான பிழை. தண்ணீர் எண்ணில் 5, 6 இரண்டும் பீய்ச்சி அடிக்கும் தண்ணீருக்கான சோதனைகள். 6-இல் 12.5 மில்லிமீட்டர் குழாய்வாயிலிருந்து நிமிடத்துக்கு 100 லிட்டர் தண்ணீர் அடிப்பார்கள். முங்கும் சோதனை அசையாத தண்ணீரில் நடக்கிறது. ஒன்றில் தேறினால் மற்றதில் தேறியதாக அர்த்தமில்லை. இரண்டிலும் தேறிய கருவிக்கு இரண்டு எண்ணையும் சேர்த்தே போடுவார்கள். 67 மட்டும் உள்ள ஸ்பீக்கரை அருவிக்கு அடியில் கொண்டுபோய் வைப்பதும், அழுத்தக் குழாயால் கழுவுவதும் சோதிக்கப்படாத காரியங்கள்.

பலருக்கும் தெரியாத ஒரு நுட்பம்: முங்கும் சோதனையில் தண்ணீரின் வெப்பத்துக்கும் கருவியின் வெப்பத்துக்கும் 5 பாகைக்கு மேல் வேறுபாடு இருக்கக்கூடாது என்பது விதி. நீங்கள் ஆற்றங்கரையில் செய்வதை நினைத்துப் பாருங்கள். கறுப்பு ஸ்பீக்கர் வெயிலில் கிடந்து 50 பாகைக்குக் கொதிக்கிறது. அப்படியே 25 பாகைத் தண்ணீரில் விழுகிறது. உள்ளே அடைபட்ட காற்று குளிர்ந்து சுருங்குகிறது, அழுத்தம் ஏறக்குறைய 8 சதவீதம் இறங்கப் பார்க்கிறது. அது, மேலே இன்னும் 80 சென்டிமீட்டர் தண்ணீர் ஏறி நிற்பதற்குச் சமமான உறிஞ்சல். ரேடியேட்டர் சவ்வு உள்வாங்கி ஓரளவு ஈடுகட்டும் என்றாலும், ரப்பர் ஓரத்தில் மயிரிழை விரிசல் இருந்தால் தண்ணீர் அதன் வழியாக உள்ளே இழுக்கப்படும். நிழலில் வைத்துச் சூடு ஆறிய பிறகு நனையட்டும். ஆற்றில் போடலாமா என்ற கேள்விக்கு என் விடை இதுதான்: தவறி விழுந்தால் பதற வேண்டாம், வேண்டுமென்று போடாதீர்கள். போட்டும் பயனில்லை. புளூடூத் பயன்படுத்தும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையைத் தண்ணீர் விழுங்கிவிடும், கொஞ்சம் முங்கினாலே பாட்டு நின்றுவிடும்.

மிதப்பது உண்மையிலேயே பெறுமதியான குணம். அல்டிமேட் இயர்ஸ் வொண்டர்பூம், போஸ் சவுண்ட்லிங்க் ஃபிளெக்ஸ் போன்றவை மிதக்கும். மற்றதற்கு நீங்களே கணக்குப் போடலாம்: ஒரு லிட்டர் பருமனுள்ள பொருள் ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் மிதக்கும். ஓடும் ஆற்றில் மிதப்பது மிதந்துகொண்டே போய்விடும், ஆகையால் கயிறு கட்டக் காது உள்ள ஸ்பீக்கராகப் பாருங்கள்.

உப்புத்தண்ணீருக்கும் குளோரின் கலந்த நீச்சல்குளத் தண்ணீருக்கும் இந்த எண்கள் எந்த உறுதியும் தருவதில்லை, சோதனை நடப்பது நல்ல தண்ணீரில். கடலில் நனைந்தால் அன்றைக்கே நல்ல தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முன்பக்க வலைத்துணி நனைந்தால் ஒலி மூக்கடைத்ததுபோல் வரும். பழுதென்று பயப்படாமல், குப்புறப் பிடித்து நாலு உதறு உதறினால் சரியாகும். சார்ஜ் வாய் ஈரமாக இருக்கும்போது மட்டும் கம்பியைச் செருகவே செருகாதீர்கள். ஈரமும் மின்சாரமும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் உலோகக் கால்கள் பச்சையாகப் பூத்து அரித்துவிடும். என் அனுபவத்தில் வெளிப்புற ஸ்பீக்கர்களில் முதலில் சாகும் உறுப்பு இந்த வாய்தான். வாங்கும்போது வாயை மூடும் ரப்பர் தடித்ததா, இறுக்கமாக உட்காருகிறதா என்று நகத்தால் திறந்து மூடிப் பாருங்கள். மூடி இல்லாமலே நீர் புகாதபடி செய்த வாயும் உண்டு. உடைந்து போக மூடியே இல்லை என்பதால் எனக்கு அது இன்னும் பிடிக்கும்.

விழுந்தாலும் தாங்குமா என்பதற்கு மில்-எஸ்டிடி-810 என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பார்கள். இது அமெரிக்க இராணுவத்தின் சோதனைக் கையேடு, 1962-இலிருந்து இருக்கிறது. அதன் விழுதல் சோதனையில் 122 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து 26 முறை போடுவார்கள்: ஆறு முகம், பன்னிரண்டு விளிம்பு, எட்டு மூலை. கேட்க பலமாக இருக்கிறது. ஆனால் அந்த 26 விழுதலையும் ஐந்து கருவிகள் வரை பங்கிட்டுக்கொள்ள விதி இடம் தருகிறது. விழும் தரை, கான்கிரீட்டின் மேல் விரித்த ஒட்டுப்பலகையாகவும் இருக்கலாம். சான்றிதழ் தரும் அமைப்பு எதுவும் இல்லை, தயாரிப்பாளரே சோதித்துத் தானே சொல்லிக்கொள்ளலாம். அந்தக் கையேட்டில் பல வகைச் சோதனைகள் இருக்கின்றன. எந்தெந்தச் சோதனை செய்தார்கள் என்று சொல்லாமல் பெயரை மட்டும் அச்சிட்டிருந்தால் அதை நான் பொருட்படுத்துவதில்லை.

அதைவிட முக்கியமானது: தண்ணீர்ச் சோதனை புதிய ஸ்பீக்கருக்கு நடக்கிறது. விழுந்து, வெயிலில் காய்ந்து, இரண்டு வருடம் பைக்குள் நசுங்கிய ஸ்பீக்கருக்கு நடப்பதில்லை. பலமாக ஒருமுறை பாறையில் விழுந்த பிறகு அதன் 7-ஐ மறந்துவிடுங்கள், மழைக்கு மட்டும் நம்புங்கள். உடலைப் பார்க்கும்போது முனைகளைக் கவனியுங்கள். பேசிவ் ரேடியேட்டர் சவ்வு வெளியே தெரிந்தால், அதைச் சுற்றி ரப்பர் விளிம்பு உயர்ந்து நிற்கவேண்டும். செங்குத்தாகக் கீழே விழும்போது தரையில் படுவது விளிம்பாக இருக்கவேண்டும், சவ்வாக இருக்கக்கூடாது. கூர்மையான குச்சி ஒன்று குத்தினால் சவ்வு முடிந்தது.

பேட்டரிக்கு வருவோம், உங்களுக்கு இரண்டு இரவு மின்சாரம் இல்லையே. மேலே சொன்ன ஜேபிஎல் சார்ஜ் 5-ஐயே எடுத்துக்கொள்கிறேன், அதன் எண்கள் தெளிவாக இருப்பதால். பேட்டரி 27 வாட்-மணி, அதாவது ஒரு வாட் வீதம் 27 மணி நேரம் தரும் கொள்ளளவு. பாடும் நேரம் 20 மணி என்கிறார்கள். 27-ஐ 20-ஆல் வகுத்தால் 1.35. அதாவது 30 வாட்டும் 10 வாட்டுமாக இரண்டு ஒலிப்பான் உள்ள ஸ்பீக்கர், அந்த 20 மணி நேரமும் சராசரியாக ஒன்றரை வாட்டுக்கும் குறைவாகவே செலவழித்திருக்கிறது. இது பொய்க்கணக்கு அல்ல. இசையில் உச்சம் ஒரு கணம்தான், சராசரி எப்போதும் வெகு கீழே இருக்கும். அறைக்கு மிதமான சத்தத்தில் அளந்த நேரம் அது என்பதைத்தான் இந்த வகுத்தல் காட்டுகிறது. எந்த ஸ்பீக்கருக்கும் இதைச் செய்து பாருங்கள். வாட்-மணி போடாமல் மில்லியாம்பியர்-மணி மட்டும் போட்டிருந்தால், அதை 3.6 வோல்ட்டால் பெருக்கி ஆயிரத்தால் வகுங்கள். உள்ளே செல்களைத் தொடராக இணைத்த பெரிய ஸ்பீக்கர்களில் வோல்ட் இரண்டு மடங்காக இருக்கலாம், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள். வெளியில் எண்பது சதவீதத்தில் வைத்தால் சொன்ன நேரத்தில் பாதிக்கும் கீழேதான் எனக்குக் கிடைத்திருக்கிறது, முழுச் சத்தத்தில் கால்பங்கு. ஒரு மாலைக்கு நாலு மணி நேரம், இரண்டு மாலை என்றால், பெட்டியில் 20 மணிக்கு மேல் போட்டிருக்கும் ஸ்பீக்கராகப் பாருங்கள். 12 மணி போட்டது ஒரு மாலைக்குத்தான் காணும்.

ஸ்பீக்கரிலிருந்தே போனுக்குச் சார்ஜ் ஏற்றலாம் என்ற வசதியை முகாமில் நான் பயன்படுத்துவதில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் தீர்ந்துபோகும். தனியாக ஒரு பவர்பேங்க் எடுத்துப்போவது நல்லது, அப்போது ஸ்பீக்கரின் வாய் யுஎஸ்பி-சி ஆக இருப்பது அவசியம். தனக்கென்று வட்டக் குச்சி வாய் வைத்திருக்கும் ஸ்பீக்கரை வாங்காதீர்கள், அந்தக் கம்பி தொலைந்த அன்றைக்கு ஸ்பீக்கரும் தொலைந்தது. விமானத்தில் போகிறவர்களுக்கு: 100 வாட்-மணிக்குள் இருந்தால் பொதுவாக முன் அனுமதி வேண்டாம், 160 வரை விமான நிறுவனத்திடம் கேட்கவேண்டும். சின்ன ஸ்பீக்கர்கள் எதுவும் அந்த எல்லைக்கு அருகில்கூட வராது.

லித்தியம் பேட்டரிக்கு வெயிலே எமன். வெயிலில் மூடிக்கிடக்கும் காருக்குள் ஸ்பீக்கரை விட்டுப்போவது, ஆற்றில் போடுவதைவிடக் கெடுதல். பனி விழும் உயரத்தில் பேட்டரி சீக்கிரம் தீரும், சூடேறியதும் கொஞ்சம் மீளும். ஆனால் உறைநிலைக்குக் கீழே சார்ஜ் மட்டும் ஏற்றாதீர்கள், அந்தச் சேதம் மீளாது. மாதக்கணக்கில் எடுக்காமல் வைப்பதானால் பாதி சார்ஜில் வையுங்கள்.

புளூடூத் பதிப்பு எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 5 என்றால் நான்கு மடங்கு தூரம் என்று விளம்பரம் சொல்லும். அந்த நீண்ட தூரம் குறைந்த மின்சார வகை புளூடூத்துக்கு உரியது. ஸ்பீக்கருக்குப் பாட்டு இன்னும் பெரும்பாலும் பழைய வகையில்தான் போகிறது. தூரத்தை முடிவு செய்வது நீங்கள் போனை எங்கே வைக்கிறீர்கள் என்பதே. இங்கேயும் சுவர் இல்லாத குறைதான். மனித உடம்பு பெரும்பாலும் தண்ணீர், 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை அது மறைக்கும். அறையில் அலை சுவர்களில் தெறித்துச் சுற்றிக்கொண்டு வந்துவிடும். வெட்டவெளியில் தெறிக்க எதுவுமில்லை. போனைப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டு ஸ்பீக்கரைப் பார்த்து நின்றால் பத்து மீட்டரிலேயே பாட்டு விக்கும். போனை ஸ்பீக்கருக்குப் பக்கத்திலேயே, தரையில் இல்லாமல் கொஞ்சம் உயரத்தில் வைத்துவிடுங்கள். பாடல்களை முன்பே இறக்கி வைத்துக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்தில் தவிக்க வேண்டாம். எல்டிஏசி, ஆப்ட்எக்ஸ் என்ற ஒலிச்சுருக்க முறைகளுக்காகக் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள். காற்றிலும் ஆற்றிலும் அந்த நுணுக்கம் கரைந்துவிடும். வண்ண விளக்குகளும் அப்படித்தான், பேட்டரியைத் தின்பதைத் தவிர வேறு பயன் தெரியவில்லை. பேஸை ஏற்றி இறக்க ஈக்வலைசர் உள்ள ஆப் இருந்தால் அது உண்மையான வசதி. வெளியில் பேஸை ஏற்றாமல், குரல் இருக்கும் நடுப்பகுதியை ஒரு படி ஏற்றிப் பாருங்கள். காவல்காரனும் சும்மா இருப்பான், பாட்டும் தெளிவாகக் கேட்கும்.

ஆக, உங்களுக்கு: ஆறு பேர், ஒரு நெருப்பைச் சுற்றி, இரண்டு மீட்டருக்குள். 500 முதல் 600 கிராம் எடையில், ஐபி67, கயிற்றுக் காது, யுஎஸ்பி-சி உள்ளதாக ஒரே மாடலில் இரண்டு வாங்குங்கள். ஒன்று பாடும்போது மற்றதை அணைத்து வைத்தால், முதல் இரவுக்கு ஒன்று, இரண்டாம் இரவுக்கு ஒன்று. பகலில் பரவி இருக்கும்போது இரண்டையும் இணைத்துக்கொள்ளலாம். மலையேற்றத்தில் பளுவையும் இருவர் பங்கிட்டுக்கொள்ளலாம். இரண்டு வாங்க முடியாவிட்டால் ஒரு கிலோ அளவில் ஒன்று, 20 மணிக்குக் குறையாத பேட்டரியுடன். 40 வாட் தாராளமாகப் போதும், நீங்கள் அருகில் உட்காரும்வரை.

வாங்கிய அன்றே, திருப்பிக் கொடுக்க அவகாசம் இருக்கும்போதே, ஸ்பீக்கரின் சார்ஜ் வாயை இறுக்கமாக மூடி அதை ஒரு வாளித் தண்ணீரில் பத்து நிமிடம் முக்கிப் பாருங்கள். குமிழி தொடர்ச்சியாக ஒரே இடத்திலிருந்து வந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். வலைத்துணியில் சிக்கிய காற்று முதலில் கொஞ்சம் வரும், அது கணக்கில்லை.

இரவில் ஒன்று கவனியுங்கள். சூரியன் மறைந்ததும் தரையையும் ஆற்றையும் ஒட்டிய காற்று முதலில் குளிரும், மேலே இருக்கும் காற்று இளஞ்சூடாகவே நிற்கும். ஒலி அந்த அடுக்கில் வளைந்து மறுபடி கீழே இறங்கும். பகலில் நூறு மீட்டரில் தேய்ந்த பாட்டு, இரவில் அக்கரையில் தூங்குகிறவர் காதுவரை தெளிவாகப் போகும். இருட்டியதும் சத்தத்தை இரண்டு படி இறக்குங்கள். காற்றும் அதற்குள் அடங்கியிருக்கும், உங்கள் ஆறு பேருக்கும் எதுவும் குறையாது. பேட்டரியும் மறுநாள் காலைவரை மிச்சமிருக்கும்.